இறக்கத்துக்கு இரண்டாம் கியர்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறக்குறைய 64 கிலோமீட்டர். ஆழியாறு அணையைத் தாண்டியதும் மலை தொடங்கும். அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. சுற்றுலா வருகிறவர்கள் பலகையருகே நின்று படம் பிடித்துக்கொள்வார்கள். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூவில், கீழே அணைத் தண்ணீர் முழுசாகத் தெரியும். வரையாடுகள் தடுப்புச் சுவரில் ஏறி நின்று நம்மை வேடிக்கை பார்க்கும். டிரைவருக்கு இந்த அழகில் பங்கு கிடையாது. எதிரே வரும் வண்டி எந்தப் பக்கம் ஒதுங்கப் போகிறது என்பதைத்தான் அவன் பார்க்கிறான்.

நான் அந்தப் பாதையில் அரசு பஸ் ஓட்டினேன். தொண்ணூறுகளில் எங்கள் வண்டிகளுக்கு பவர் ஸ்டியரிங் இல்லை. வளைவில் வண்டியைத் திருப்ப இரண்டு தோளும் வேண்டும், போதாததற்கு இடுப்பும் வேண்டும். சீட்டிலிருந்து பாதி எழுந்து, உடம்பு எடையை ஸ்டியரிங் மேல் போட்டுத்தான் இழுப்போம். இடது கை கியரில், இடது கால் கிளட்சில். வளைவு ஒன்றுக்கு கிளட்சை இரண்டு மூன்று தடவையாவது மிதிக்க வேண்டியிருக்கும். பக்கத்தில் எஞ்சின் பானட் கொதிக்கும். அடிவாரத்தில் வேர்த்து நனைந்த சட்டை கவர்க்கல் பனியில் உடம்போடு சில்லிட்டுப் போகும். மேலே போய் ஒரு டீ, அரை மணி நேரம், மறுபடியும் இறக்கம். சாப்பாட்டுக்கு நேரம் கிடையாது, ஒன்றுக்குப் போவதற்கும் கிடையாது. மலை டிரைவர்களில் பலருக்கு ஐம்பதுக்குள் முதுகு போய்விடும். அதை வியாதி என்று யாரும் சொல்வதில்லை, சர்வீஸ் என்றுதான் சொல்வார்கள்.

எனக்கு வலி முதலில் வந்தது முதுகில் அல்ல, இடது குதிகாலில். கிளட்சை மிதித்து மிதித்து வந்தது என்று நினைத்துச் செருப்பை மாற்றினேன். வலி கெண்டைக்காலுக்கு ஏறியது, பிறகு தொடையின் பின்பக்கம். ஒரு நாள் காலையில் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. ஸ்கேன் படத்தை விளக்கில் பிடித்துக் காட்டிய டாக்டர், இடுப்பில் நாலாவது எலும்புக்கும் ஐந்தாவது எலும்புக்கும் நடுவிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பைத் தொடுகிறது என்றார். கையோடு ரத்த அழுத்தமும் பார்த்தார், அதுவும் கூடியிருந்தது. மாத்திரை, இடுப்பு பெல்ட், ஓய்வு. டிரைவர் வேலையை விட முடியுமா என்று கேட்டார். கேட்கத்தான் முடியும். என் மகன் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான்.

டிப்போவில் லைட் டூட்டி கொடுத்தார்கள். லைட் டூட்டியில் பேட்டா வராது. அது போதாதென்று, வண்டி ஓட்டுகிறவர்கள் போகிற வருகிற வழியில் எல்லாம் "என்ன சார், ஆபீசர் ஆயிட்டீங்க போல" என்று கேட்பார்கள். அந்த நாட்களில்தான் என் கண்டக்டர் என்னைக் கூப்பிட்டார். எங்களுக்குள் உறவு ஒன்றும் இல்லை, அவர் என்னை மாப்ள என்பார், நான் அவரை மாமா என்பேன்.

"மாப்ள, மன்றத்துக்கு வர்றியா?"

"அங்க என்ன பண்ணுவாங்க?"

"கையக் கால ஆட்டச் சொல்லுவாங்க. கண்ண மூடச் சொல்லுவாங்க. முடிஞ்சா சுக்குக் காப்பி குடுப்பாங்க."

மன்றம் என்றால் எங்கள் ஊர்ப்பக்கம் மனவளக்கலை மன்றம். வேதாத்திரி மகரிஷியின் ஆட்கள் நடத்துவது. நான் தினமும் அவர்களுடைய வாசல் வழியாகத்தான் வண்டி ஓட்டினேன். அறிவுத்திருக்கோயில் ஆழியாறில் இருக்கிறது, மலை ஏறுவதற்கு முன்னால் வரும். வெள்ளை உடை போட்டவர்கள் பையோடு அங்கே இறங்கும்போது டிரைவர் பக்கம் திரும்பி "வாழ்க வளமுடன்" என்பார்கள். நானும் தலையை ஆட்டி வைப்பேன். உள்ளே எட்டிப் பார்த்தது கிடையாது. நான் மன்றத்துக்குப் போகத் தொடங்கியபோது மகரிஷியும் இல்லை, 2006இல் அவர் காலமாகிவிட்டார்.

ஊருக்குள் ஒரு பழைய ஓட்டு வீட்டின் பின்கட்டில் மன்றம் நடந்தது. காவித் தரை. ஜமுக்காளத்தை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். கொப்பரை வியாபாரி ஒருவர், ஓய்வு பெற்ற வருவாய் ஆய்வாளர், ஜவுளிக்கடைக்காரர், அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்த பெண்கள். சொல்லிக்கொடுத்தவர் ஒரு ரிட்டயர்ட் டீச்சர். பெல்ட்டோடு போன என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏனுங் தம்பி, கீழ உக்காந்து எந்திரிக்க முடியுமா?" முடியாது என்றேன். "சரி, சேர்ல உக்காருங்க. எங்கயும் எழுதி வைக்கல, கீழதான் உக்காரணும்னு."

யோகா என்றால் தலைகீழாக நிற்பது, காலைத் தூக்கிக் கழுத்தில் போடுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இங்கே கையைச் சுழற்றச் சொன்னார்கள். கைப் பயிற்சி, காலுக்கு ஒரு பயிற்சி, கண்ணை மேலும் கீழும் வட்டமாகவும் உருட்டுவது, மல்லாந்து படுத்துக்கொண்டு இடுப்பை ஒரு பக்கமும் தலையை எதிர்ப்பக்கமும் திருகும் மகராசனம், உள்ளங்கையால் உடம்பைத் தேய்த்துக்கொள்வது, கடைசியில் உடல் தளர்த்தல். ஏமாற்றமாக இருந்தது. இதற்கா இவ்வளவு பேர் கூடுகிறார்கள் என்று நினைத்தேன். பக்கத்தில் அறுபது தாண்டிய கொப்பரை வியாபாரி தன் கால் பெருவிரலைத் தொட்டுக்கொண்டிருந்தார். எனக்கு முழங்காலே எட்டவில்லை. ஏமாற்றம் அதோடு போயிற்று.

பிற்பாடு தெரிந்துகொண்டது: வேதாத்திரி 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர், தானும் தறியில் உட்கார்ந்து நெய்தவர். சித்த மருத்துவம் படித்தவர். 1958இல் உலக சமுதாய சேவா சங்கம் தொடங்கினார். துறவிகளுக்கென்று இருந்ததைக் குடும்பஸ்தனுக்கு எளிமைப்படுத்தியதுதான் அவர் செய்தது என்பார்கள். என் ஊகம் இன்னும் சின்னது. நாள் முழுக்க உட்கார்ந்த இடத்தில் மிதிக்கட்டையை மிதித்த மனிதர் வகுத்த பயிற்சி அது. எந்த மூட்டு எப்போது மடங்காமல் போகும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருந்திருக்காது. உட்கார்ந்தே வேலை செய்பவனுக்கு இடுப்பின் முன்பக்கத் தசை சுருங்கி இறுகிவிடுகிறது, வயிற்றுத் தசை தளர்ந்துபோகிறது, முதுகெலும்பு தனியாகச் சுமையைத் தாங்குகிறது. எனக்குப் பிதுங்கிய வட்டு தானாக ஒரே நாளில் உள்ளே போய்விடவில்லை. அதைச் சுற்றி இருந்த இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. முதலில் செருப்பு வாரைக் குனிந்து போட முடிந்தது. பிறகு தும்மினால் முதுகைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. பெல்ட்டை எப்போது விட்டேன் என்பது எனக்கே ஞாபகம் இல்லை. ஒரு நாள் என் மனைவி அதைத் துவைத்துக் கொடியில் போட்டாள், அது அங்கேயே கிடந்தது. மறுபடி ஸ்டியரிங் பிடிக்கத் தகுதி என்று சான்று கிடைத்தது.

வலி முழுசாகப் போனது என்று சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில், டபுள் டூட்டி பார்த்த மறுநாள், குதிகால் பழைய கதையைச் சொல்லும். அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாள்பட்ட இடுப்பு வலிக்கு மருந்துக்கு முன்னால் முயன்று பார்க்க வேண்டியவற்றின் வரிசையில் யோகாவும் இருக்கிறது. தீரும் என்று அதில் இல்லை. முயன்று பார்க்கலாம் என்றுதான் இருக்கிறது. அந்த அளவான பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் மன்றத்திலும் சிலர் சர்க்கரை போய்விடும், கண்ணாடி போய்விடும் என்று அடித்துச் சொல்வார்கள். அப்படிக் கேட்டு மாத்திரையை நிறுத்திய ஒருவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்திருக்கிறேன். டீச்சர் அதற்குப் பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வார்: "மாத்திரையக் கூட்டறதும் கொறைக்கறதும் டாக்டர் வேல. என்ற வேல இல்ல."

எனக்கு முதலில் புரிபடாதது உடல் தளர்த்தல்தான். மல்லாந்து படுத்து, கால்விரலிலிருந்து தொடங்கி ஒவ்வோர் உறுப்பாக நினைத்து விட்டுவிடச் சொல்வார்கள். நான் தாடையைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பேன். வலது பாதம் தரையில் படுத்திருக்கும்போதும் பிரேக்கை மிதிக்கத் தயாராக முன்னால் மடங்கி நிற்கும். "தம்பி, வண்டி நின்னுருச்சு" என்று டீச்சர் அருகில் வந்து சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். பாதம் சாய்ந்து கிடக்கப் பல மாதங்கள் ஆயின. இது சும்மா படுத்திருப்பது அல்ல என்று எனக்கு மாத்திரை எழுதிக்கொடுக்கும் டாக்டர்தான் சொன்னார். மும்பையில் கே.கே. தாத்தே என்ற இருதய மருத்துவர் ரத்த அழுத்தம் உள்ள 47 பேரைச் சவாசனம் செய்யவைத்து, 1969இல் எழுதினாராம். பலருக்கு அழுத்தம் குறைந்தது, சிலருக்கு மருந்தின் அளவையும் குறைக்க முடிந்தது. எனக்கும் ஒரு கட்டத்தில் மாத்திரை பாதியானது. பாதிதான், இன்றும் விழுங்குகிறேன்.

மூச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு யோகா புரிந்தது அங்கேதான்.

மலையில் புதிதாக ஓட்ட வருகிறவர்களுக்குப் பழைய டிரைவர்கள் சொல்லித்தரும் முதல் பாடம், எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்பது. நியூட்ரலில் விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறும், புகை வரும், ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. இரண்டாம் கியரில் போட்டுவிட்டால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்கை அவ்வப்போது தொட்டால் போதும். டீச்சர் ஒரு நாள் நாடியில் விரலை வைத்துக்கொண்டு மூச்சு விடச் சொன்னார். உள்ளே இழுக்கும்போது துடிப்பு வேகமாகிறது, வெளியே விடும்போது மெதுவாகிறது. விடுவதை நீட்டினால் இன்னும் மெதுவாகிறது. மூளையிலிருந்து இருதயத்துக்கு இறங்கும் வேகஸ் என்ற நரம்பு மூச்சை விடும்போது இருதயத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறது என்று விளக்கினார். எனக்கு வேகஸ் எல்லாம் வேண்டியிருக்கவில்லை. அட, இது இரண்டாம் கியர் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அதுவரை நான் கோபத்தைப் பல்லைக் கடித்து அடக்கியதெல்லாம் பிரேக்கை மிதித்தே இறங்கியது. டிரம் சூடாகாமல் என்ன செய்யும்?

அன்று முதல் வளைவில் பயிற்சி செய்தேன். கண்ணை மூட முடியாது, ஜமுக்காளம் விரிக்க முடியாது. ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது மூச்சை விடுவது, வண்டி நேரானதும் எடுப்பது. அவ்வளவுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை இழுத்த அத்தனை வருஷங்களும் என் முதுகில்தான் விடிந்திருக்கின்றன என்று அப்போது தெரிந்தது.

எங்கள் வண்டியில் அடிக்கடி ஓர் எஸ்டேட் அம்மா வருவார். ரொட்டிக்கடையில் இறங்குவார். முன் சீட்டு, கையில் ஜெபமாலை. வளைவு தொடங்கும்போது மணி உருட்டத் தொடங்கினால் மலை முடியும்வரை உதடு அசைந்துகொண்டே இருக்கும். பின்னால் பாதி பஸ் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டும் பிளாஸ்டிக் பையைத் தேடிக்கொண்டும் இருக்கும்போது, இந்த அம்மா தெளிவாக இறங்கிப் போவார். சாமி பக்தி என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் 23 பேரை வைத்துச் செய்த சோதனை 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்திருக்கிறது. லத்தீனில் ஜெபமாலை சொன்னாலும் சரி, யோக மந்திரம் சொன்னாலும் சரி, மூச்சு நிமிடத்துக்கு ஆறு அளவுக்குத் தானாக இறங்கியது, இருதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் அந்தத் தாளத்துக்கு ஒத்து வந்தன. சாதாரணமாக நமக்கு நிமிடத்துக்குப் பன்னிரண்டுக்கு மேல் ஓடும். ஆக, நான் பெரிய விஷயமாகக் கற்றுக்கொண்டதை அந்த அம்மா எனக்கு இரண்டடி பின்னால் உட்கார்ந்து சும்மா செய்துகொண்டிருந்தார். அவரிடம் இதைச் சொன்னேன். "டிரைவர் அண்ணே, நீங்க ரோட்டப் பாருங்க" என்றார்.

அகத்தாய்வு என்று ஒரு வகுப்பு உண்டு. எண்ணத்தை ஆராய்வது, ஆசையைச் சீரமைப்பது, சினம் தவிர்ப்பது, கவலை ஒழிப்பது, கடைசியில் நான் யார் என்ற கேள்வி. சினத்துக்கு வேலை என்னவென்றால், யார் யார் மேல் கோபம் வருகிறதோ அத்தனை பேரையும் காகிதத்தில் எழுத வேண்டும். நான் ஆர்வமாக எழுதினேன். வளைவில் ஓவர்டேக் எடுக்கும் கார்க்காரர்கள், ஏறுகிற வண்டிக்கு வழி விடாதவர்கள், டைம் கீப்பர், படியில் தொங்குகிற பையன்கள், சில்லறைக்குச் சண்டை போடுகிறவர்கள். டீச்சர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இவங்கெல்லாம் நாளைக்கு வேற ஆளுங்க தம்பி. தினமும் அதே ஆள் மேல வருதே, அவங்க பேர எழுதுங்க" என்றார். காகிதம் இரண்டு பெயரோடு நின்றுபோனது. அதைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். துவைக்கப் போடும்போது மனைவி எடுத்துப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, இது என்ன லிஸ்ட்டு?"

சொன்னேன்.

"இதுல எம்பேரு ரெண்டாவதா இருக்குது. மொதல்ல எம்பேரத்தான் போட்டிருக்கோணும்" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். முதல் பெயர் மகனுடையது.

பெயரை எழுதியதும் கோபம் நின்றுவிடாது. ஒவ்வொரு நாளும் அந்த ஆளை அமைதியாக நினைத்துப் பார்த்து, இன்றைக்கு இவர் மேல் கோபப்பட மாட்டேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். முதலில் நாடகமாக இருந்தது. கொஞ்ச நாள் போன பிறகு ஒன்று தெரிந்தது: கோபம் வருவதற்கு முன்னால் எனக்குத் தோள் ஏறுகிறது. வலது தோள்தான் முதலில். மகன் மார்க் ஷீட்டை நீட்டும்போது அவன் வாயைத் திறப்பதற்குள் தோள் காதுக்குப் பக்கத்தில் இருக்கும். ஜமுக்காளத்தில் படுத்துத் தோளைத் தளர்த்திப் பழகியவனுக்கு அது ஏறுவது தெரிகிறது. தெரிந்தால் இறக்கலாம். மனசைப் பற்றி நான் கற்றுக்கொண்ட எல்லாமே இப்படி உடம்பு வழியாகத்தான் வந்தது. உடல் நலம் தனி, மன நலம் தனி என்று வகுப்பில் பலகையில் எழுதுவார்கள். அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. மகன் ஒரு நாள் தன் அம்மாவிடம் சொன்னானாம்: "அப்பா இப்பெல்லாம் திட்டறதுக்கு முன்னாடி பெருமூச்சு விடறாரு. அந்த நேரத்துல நான் வெளிய போயிர்றேன்." அவனுக்கு அது வசதியாகப் போய்விட்டது, எனக்கும்தான்.

ஆகஸ்ட் 30ஐ மன்றங்களில் மனைவி நல வேட்பு நாளாகக் கொண்டாடுவார்கள். மகரிஷியின் மனைவி லோகாம்பாள் பிறந்த நாள் அது. கணவன் மனைவிக்குப் பூ கொடுக்க வேண்டும், மனைவி கணவனுக்குப் பழம் கொடுக்க வேண்டும், கையைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்து வாழ்த்த வேண்டும். எங்கள் ஊரில், எங்கள் வயதில், நாலு பேர் முன்னால்! கல்யாணத்தன்று பிடித்த கை. கொப்பரை வியாபாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வருவாய் ஆய்வாளரின் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். என் மனைவி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்தக் கண்ணுக்குக் கீழ இந்த மச்சம் எப்ப வந்துச்சு?" என்று கேட்டாள். அது பிறந்ததிலிருந்தே இருக்கிறது. யோகாவில் இதெல்லாம் சேருமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். பத்மாசனம் போட வராத எனக்கு இது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

எல்லாமே எனக்கு ஏறியது என்று இல்லை. காந்தத் தத்துவம், வான்காந்தம், ஜீவகாந்தம், விண் என்று வகுப்பெடுக்கும்போது நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்கியிருக்கிறேன். அதை இயற்பியல் என்று சொல்லாமல் இருந்தால் நல்லது என்று இன்றும் நினைக்கிறேன். என் மகன் பிறகு பிசிக்ஸ் படித்தான், அவனும் அதையே சொன்னான். புருவ மத்தியில் நினைவை வைக்கும் ஆக்கினை தவத்தில் அங்கே ஒரு துடிப்பு தெரியும். அது நிஜம், எனக்கும் தெரிந்தது. கொஞ்சம் கூடுதலாக உட்கார்ந்தால் தலை கனக்கும். அதற்குத்தான் நினைவை முதுகின் அடிக்குக் கொண்டுவரும் சாந்தி தவம் வைத்திருக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டு உட்காராதே, காய்ச்சலில் உட்காராதே என்று டீச்சர் கண்டிப்பாக இருப்பார். ஏன் என்றால் காரணம் சொல்ல மாட்டார். "சொன்னதச் செய்யுங்க தம்பி, டிரைவர்தானே நீங்க, ரூல் தெரியாதா?"

கடவுள் விஷயத்தில் நான் பெரிய ஆள் இல்லை. வண்டி எடுக்கும்போது ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன், மாசாணியம்மன் படத்துக்குப் பூ வைப்பேன். அதற்கு மேல் யோசித்தது கிடையாது. ஆன்மிகம் என்று இவர்கள் சொல்வது எனக்கு வந்ததா என்று கேட்டால், ஓர் இரவைத்தான் சொல்ல முடியும்.

ஆடி மாதம். கடைசி ட்ரிப், மேலே ஏறுகிறது. கவர்க்கல்லைத் தாண்டி மழையும் பனியும் சேர்ந்துவிட்டன. முகப்பு விளக்கு பத்தடிக்கு மேல் போகவில்லை. வளைந்து திரும்பியபோது ரோட்டில் யானைகள். எத்தனை என்று பனியில் தெரியவில்லை. குட்டி ஒன்று இருந்தது தெரிந்தது, அதனால்தான் பயம். இப்போது வால்பாறையில் யானை நடமாட்டத்தைச் சொல்ல செல்போனில் இயங்கும் சிவப்பு விளக்குகள் இருக்கின்றன, குறுஞ்செய்தி வருகிறது. அன்று ஒன்றும் இல்லை. விளக்கைக் குறைத்தேன், எஞ்சினை நிறுத்தினேன். பின்னால் ஒருவர் ஆரன் அடிங்க என்றார். கண்டக்டர் அவர் வாயைப் பொத்தாத குறை. குழந்தை அழ ஆரம்பித்தது, தாய் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

செய்ய ஒன்றும் இல்லை. ரிவர்ஸ் எடுக்க முடியாது, பின்னால் வளைவு. கை தானாக மடிக்கு வந்தது, மூச்சு தானாக நீண்டது. நான் முயன்று செய்யவில்லை. கண் திறந்தபடியே இருந்தது. பெரிய யானை வண்டியின் முன்கண்ணாடிக்கு நேராக வந்து நின்றது, துதிக்கையை நீட்டி பம்பரைத் தொட்டுப் பார்த்தது. அதன் மூச்சு கேட்டது. பஸ்ஸுக்குள் நாற்பது ஐம்பது பேர் விடும் மூச்சும் கேட்டது, என்னுடையதும் அதில் எங்கேயோ இருந்தது. எது யாருடையது என்று பிரிக்கத் தோன்றவில்லை. பயம் இருந்தது. பஸ் முழுக்க இருந்தது, யானையிடமும் இருந்திருக்கும், குட்டி வைத்திருக்கிறதே. ஆனால் என்னுடைய பயம் என்று ஒன்று தனியாக இல்லை. டிரைவர், லைசென்ஸ் நம்பர், இன்னார் மகன், இடுப்பு வலிக்காரன் என்று நான் சுமந்த எதுவும் அந்த நேரத்தில் இல்லை. அது எவ்வளவு நேரம் என்று கேட்டால் தெரியாது. கண்டக்டர் லாக் ஷீட்டில் இருபத்தைந்து நிமிஷம் தாமதம் என்று எழுதினார்.

யானைகள் தேயிலைக்குள் இறங்கின. சாவியைத் திருப்பியதும் எல்லாம் திரும்பி வந்துவிட்டது, இடுப்பு வலி உட்பட. மறுநாள் மன்றத்தில் டீச்சரிடம் சொன்னேன். பெரிய விளக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். "நல்லது தம்பி. அதயே நெனச்சு நாளைக்கு உக்காராதீங்க, வராது" என்றார். உண்மைதான். அப்படி மறுபடி வரவில்லை. வர வேண்டும் என்று உட்கார்ந்த நாட்களில் எல்லாம் கரண்ட் பில்தான் ஞாபகத்துக்கு வந்தது.

ஓய்வு பெற்ற பிறகும் காலையில் மன்றத்துக்குப் போகிறேன். டீச்சருக்கு இப்போது வயதாகிவிட்டது, கைப் பயிற்சியும் கால் பயிற்சியும் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். தவம் அவர் நடத்துகிறார். கீழே உட்கார்ந்து எழ எனக்கு இன்னும் சுவர் வேண்டும். மகன் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறான், கழுத்து வலி என்று போன் செய்தான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவனுக்கும் அதே தோள்தான் ஏறுகிறது. வலது தோள்.

என்னை மன்றத்துக்குக் கூட்டிப்போன கண்டக்டர் மாமாவின் கதை வேறு. அவர் சில மாதங்களிலேயே நின்றுவிட்டார். கேட்டால் விடிகாலை எழ முடியவில்லை என்றார். இத்தனைக்கும் நான் பார்த்த மனிதர்களில் அவர் அளவுக்கு நிதானமான ஆள் இல்லை. நெரிசலில் மிதிபட்டாலும், சில்லறை இல்லாமல் நூறு ரூபாய் நீட்டினாலும், குடித்துவிட்டு ஒருவன் சட்டையைப் பிடித்தாலும் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ரத்த அழுத்தம் கிடையாது, சர்க்கரை கிடையாது. யோகாவின் பலன்களைப் பற்றி நான் போடும் எல்லாக் கணக்கையும் அவர் ஒருவர் கெடுத்துவிடுகிறார். போன வாரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இதை அவரிடமே கேட்டேன்.

"நீ கண்ண மூடிக்கிட்டுப் பண்றத நான் டிக்கெட் கிழிச்சே பண்ணிட்டேன் மாப்ள" என்றார். டீக்கு அவரே காசு கொடுத்தார். கிளம்பும்போது திரும்பி, "நாளைக்கு ஒரு லாரிக்காரர அனுப்பறேன், இடுப்புப் புடிச்சுக்கிச்சாம். சேர் எடுத்துப் போட்டு வை."